உச்சி தெரிந்தும் திரும்பியவளுக்கு

இன்று காலை தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் சவர்க்கார வாசனை வந்தது. துணி துவைக்கிற மஞ்சள் கட்டியின் வாசனை. பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெண் ஒருத்தி அதை ஈரக்காலில் முழங்கால்வரை தேய்த்து, கழுவாமல் காயவிட்டுக்கொண்டு நின்றாள். மழை தொடங்கிவிட்டது, வேலைக்காடு முழுக்க அட்டை. அந்தக் காரம் மூக்கில் ஏறியதும், "விரலிடுக்குல விட்டுறாத, அங்கதான் மொதல்ல ஏறும்" என்று நீ சொல்வது காதில் விழுந்தது. நீ போய்விட்டாய் என்று உன் மகள் நீலகிரியிலிருந்து எழுதிய கடிதம் வந்து எட்டு நாள்தான் ஆகிறது.

குடம் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச்செடுத்தாள். "அப்பவே மலை மலையா ஏறினவதானே? அந்தப் பனி நெஞ்சுல தங்கியிருக்கும். அதுதான் இப்பக் கொண்டுபோயிருச்சு."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். என் குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். "அவ தன் வீட்டுல, பாயில படுத்த மேனிக்கு மாரடைப்புல போயிருக்கா. மலை அவள ஒண்ணும் பண்ணல. அவ சொல்லக் கேட்டு மலைக்குப் போய்த் திரும்பி வராத ஆளு ஒருத்தரு இருந்தா பேரு சொல்லு பாப்போம்!" என்று சத்தம் போட்டேன். யாரும் பெயர் சொல்லவில்லை. இருந்தால்தானே சொல்வதற்கு? ஆனாலும் கோபம் ஆறவில்லை. அடுப்பு வேலையைக்கூட மருமகளிடம் விட்டுவிட்டு, வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மலை ஏறுகிற அந்த ஆசையைக் கிளப்பிவிட்டது நீ இல்லை, மாரியாயிதான். இப்போது எல்லோரும் உன் தலையில் போடுகிறார்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில் மேல் மலையில், தேயிலைக் கொழுந்துக் கூடைகளை வரிசையாக வைத்துவிட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். எதிரே நமுனுகுல மலை உச்சி துடைத்துவிட்டது போலத் தெரிந்தது. "பொறந்ததுலேருந்து இதப் பாத்துக்கிட்டே இருக்கோம். அந்த உச்சியில என்னதான் இருக்கு?" என்று கேட்டாள் மாரியாயி. என் அண்ணன் அப்போது நம் கொழுந்துக் கூட்டத்துக்குக் கங்காணி. "அது ஆம்பளைங்க போற இடம். உங்களுக்கு எதுக்கு அந்த விசாரணை?" என்றார்.

நீ ரொட்டியை மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினாய். "தெனமும் மலை ஏறிக்கிட்டுத்தானே இருக்கோம் அண்ணே. ஒரு நாளு கூடை இல்லாம ஏறிப் பாத்தா என்ன?"

அண்ணன் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நீ சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நீ செய்ததை நான் மட்டும்தான் அறிவேன். விறகுக்காகக் காட்டு விளிம்புவரை போய் வருகிறவள் நீ. விறகு கட்டி முடித்த பிறகும் அங்கேயே உட்கார்ந்து பனி எப்போது வருகிறது, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தாய். பசறைப் பக்கமிருந்து உச்சிப் பொழுதை ஒட்டி வருகிறது, வந்தால் கை நீட்டினால் விரல் தெரியாது என்றாய். பழைய சிவப்புச் சேலை ஒன்றைக் கிழித்து நாடா நாடாவாகச் சுற்றி வைத்தாய். வழி பிரிகிற இடத்திலெல்லாம் கிளையில் கட்டுவதற்கு. புறப்படுவதற்கு முதல் நாள் எங்களை உட்கார வைத்துக் கண்டிப்பாகச் சொன்னாய்: மெதுவாக நடக்கிறவள்தான் முன்னால் நடக்க வேண்டும், மற்றவர்கள் அவள் காலுக்குத்தான் நடக்க வேண்டும். சூரியன் தலைக்கு மேல் வந்தால், எங்கே நிற்கிறோமோ அங்கேயே திரும்ப வேண்டும். தொலைந்துவிட்டால் உட்கார்ந்துவிட வேண்டும், உட்கார்ந்து சத்தம் கொடுக்க வேண்டும்.

"ஓடையப் பிடிச்சு இறங்கினா லயத்துக்கு வந்துரலாமே?" என்று கேட்டேன்.

"தண்ணிக்கு இறங்கத் தெரியும் புள்ள. அது பாறையிலேருந்து குதிக்கும். நீயும் குதிப்பியா?"

குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பரா ஆயம்மாவிடம் போய், எந்த வழியாக ஏறுகிறோம், எத்தனை பேர், சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற நேரத்துக்குள் வராவிட்டால் ஆள் அனுப்ப வேண்டும் என்றெல்லாம் சொல்லி வைத்தாய். கல்யாண வீட்டுக்குக்கூட இவ்வளவு ஏற்பாடு செய்யமாட்டார்கள் என்று உன்னைக் கேலி செய்தேன்.

அண்ணன் கூட வந்தது என்னால்தான். அதை இன்றைக்கும் சொல்லத்தான் வேண்டும். பொம்பளைகள் தனியாகப் போவதா என்று என் வீட்டில் குதித்தார்கள். "அண்ணன் வந்தாதான் என்ன விடுவாங்க" என்று உன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். உனக்கு விருப்பமில்லை. "அவரு முன்னால நடக்கிற ஆளு" என்று மட்டும் சொன்னாய். பிறகு, "சரி, வரட்டும்" என்றாய்.

அந்தக் காலத்தில் ஞாயிறு இல்லை, நிலாக் கணக்கில் வருகிற போயா நாள்தான் நமக்கு லீவு. மாசி மாதத்துப் போயா அன்று, கிழக்கு வெளுக்கும்போது ஐந்து பேரும் புறப்பட்டோம். நீ, நான், மாரியாயி, காமாட்சி, அண்ணன். கூடை இல்லாத முதுகு எனக்குப் பழக்கமில்லாமல் இருந்தது. அடிக்கடி கை நெற்றிக்குப் போய்க் கூடைக் கயிற்றைத் தேடியது. தேயிலை முடிந்து, சவுக்கு மரம் முடிந்து, மானாப்புல் ஆள் உயரத்துக்கு வந்தது. நீ சொன்னபடி மாரியாயியை முன்னால் விட்டோம். உடம்பு பெருத்தவள், மூச்சு வாங்கும். கால் மணி நேரம் அவள் பின்னால் நடந்த அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "இவ பின்னால போனா அடுத்த போயாதான் உச்சி" என்று அவளைத் தாண்டிப் போனார். பின்னால் காமாட்சி, அவள் பின்னால் நான். நீ மாரியாயியோடு நின்றுவிட்டாய். திரும்பித் திரும்பிப் பார்த்தேன், நீ கிளைகளில் சிவப்பு நாடா கட்டிக்கொண்டு வந்தாய்.

காட்டுக்குள் பாசி பிடித்த மரங்களுக்கு நடுவே மாரியாயிக்காக மூன்று இடத்தில் காத்திருந்தோம். காட்டைத் தாண்டிக் கடைசிப் புல் சரிவில் ஏறியபோது சூரியன் தலைக்கு மேலே வந்துவிட்டது. உச்சிப் பாறை தெரிந்தது. ஒரு வயல் அகலம்கூட இருக்காது என்று பட்டது. அப்போது பசறைப் பக்கமிருந்து வெள்ளையாக ஒன்று கிளம்பி வந்தது.

நீ நின்றாய். "திரும்பலாம்."

"என்னது?" என்றார் அண்ணன்.

"நேரமாயிருச்சு அண்ணே. பனி வருது. இன்னொரு நாளு வரலாம்."

"இந்தா தெரியுது உச்சி. அரை மணி நேரம் போதும். இதுக்குத்தான் பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டு வரக் கூடாதுங்கிறது."

"நான் இறங்குறேன்" என்றாய். குரல் உயரவே இல்லை. மாரியாயியும் காமாட்சியும் உன் பக்கம் நகர்ந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உடன்பிறந்தவரைத் தனியாக விட்டுவிட்டு இறங்கினால் லயத்தில் என்ன சொல்வார்கள்? அதைவிட, அந்த உச்சி அத்தனை கிட்டத்தில் இருந்தது. "நீ போ. நான் அண்ணனோட போறேன்" என்றேன்.

தார்ப்பாய்ப் படங்கில் சுற்றி நனையாமல் முதுகில் கட்டியிருந்த கம்பளியை அவிழ்த்து என் முதுகில் கட்டினாய். முடிச்சை இழுத்துப் பார்த்தாய். அங்கிருந்த ஒற்றை மரத்தில் ஒரு நாடாவைக் கட்டிவிட்டு இறங்கிப் போனாய். எனக்கு உன்மேல் கோபம். பயந்தவள் என்றுகூட நினைத்தேன்.

உச்சியை நாங்கள் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் பனி மூடிவிட்டது. முன்னால் நடந்த அண்ணனின் சட்டை மறைந்தது, பிறகு என் காலே மறைந்தது. சுற்றிச் சுற்றி நடந்தோம். எங்கோ தண்ணீர்ச் சத்தம் கேட்டது. "ஓடை! இதப் பிடிச்சு இறங்கிரலாம்" என்றார் அண்ணன். "வேணாம்ண்ணே, அவ சொன்னா..." என்று தொடங்கினேன். "அவ என்ன பெரிய துரையா?" என்று அதட்டினார். "நீ இங்கயே நில்லு, நான் வழி பாத்துட்டுக் கூப்பிடுறேன்."

கூப்பிடவில்லை. கல் உருளும் சத்தம் கேட்டது, அதோடு ஒரே ஒரு அலறல். பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

ஓடிப் போகக் காலைத் தூக்கினேன். அந்த அடியை நான் எடுத்து வைத்திருந்தால் இன்றைக்கு இதை எழுத ஆள் இல்லை. தண்ணி பாறையிலேருந்து குதிக்கும், நீயும் குதிப்பியா என்று நீ கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பல் கிடுகிடுவென்று அடிக்க, "ஓ... ஓ..." என்று கத்தினேன். அண்ணா என்று கத்தினேன். உன்னைக் கத்தினேன். தொண்டை அடைத்துப் போகும்வரை கத்தினேன்.

எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியாது, உன் குரல் வந்தது.

"எங்க இருக்க?"

எழுந்துவிட்டேன். "இந்தா வர்றேன்! சத்தம் குடு, வர்றேன்!"

"நகராத!" நீ அப்படிக் கத்தி அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "உக்காரு! ஒரு அடி நகராத! கத்திக்கிட்டே இரு!"

"நீ வா அப்ப! எனக்குப் பயமா இருக்கு!"

"வர மாட்டேன்! உன் சத்தம் கேட்டுத் திரும்பி வந்து நாடா கட்டின மரத்தடியில நிக்கிறேன். இதத் தாண்டி வர மாட்டேன். நீயும் வராத. மாரியாயியும் காமாட்சியும் ஆள் கூட்டிட்டு வரப் போயிருக்காங்க. பேசிக்கிட்டே இரு!"

வர மாட்டேன் என்று நீ சொன்னதும் அழுதேன். இத்தனை வருஷப் பழக்கம், ஐம்பது அடி நடந்து வர மாட்டாளா என்று உன்னைத் திட்டினேன். நீ அதற்கும் பதில் சொன்னாய். "திட்டு. நல்லாத் திட்டு. ஆனா நிப்பாட்டாத." அந்த மத்தியானம் முழுக்க நீ என்னைத் திட்ட வைத்தாய், பிள்ளைகளின் பெயரைச் சொல்ல வைத்தாய், அண்ணனைக் கூப்பிட்டாய், மறுபடி என்னைக் கூப்பிட்டாய். அண்ணனிடமிருந்து மட்டும் பதில் இல்லை.

பொழுது சாயத் தொடங்கியபோது காற்று திரும்பிப் பனி விலகியது. ஒற்றை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நீ நிற்பதைப் பார்த்தேன். உனக்கும் எனக்கும் நடுவே பாறை பிளந்து கிடந்தது. ஆழம் பார்க்க எட்டிப் பார்த்தேன், அடி தெரியவில்லை. உன் குரலைப் பிடித்துக்கொண்டு நான் நடந்திருந்தாலும், என் அழுகையைப் பொறுக்காமல் நீ நடந்திருந்தாலும், அதற்குள்தான் போயிருப்போம். நீ என்னைப் பார்த்தாய். அப்போதும் மரத்தைப் பிடித்த கையை நீ விடவில்லை.

லயத்து ஆண்கள் சிவப்பு நாடாக்களைப் பார்த்துப் பார்த்து நேராக வந்து சேர்ந்தார்கள். மேல் வழியாகச் சுற்றி வந்து என்னைக் கூட்டினார்கள். அண்ணன் ஓடைப் பாறைக்குக் கீழே தொடை எலும்பு முறிந்து கிடந்தார். கம்பில் கம்பளியைக் கட்டித் தூக்கிக்கொண்டு பந்த வெளிச்சத்தில் நடுச்சாமத்துக்கு லயம் வந்து சேர்ந்தோம். அங்கிருந்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனார். பிழைத்தார், கால் மட்டும் குட்டையாகிப் போனது.

மறுநாள் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நடந்ததை யாரும் இப்போது பேசுவதில்லை. நான் பேசுகிறேன். எல்லோர் முன்னாலும் கணக்கப்பிள்ளை உன்னை வெளியே கூப்பிட்டு நிறுத்தினார். "ஒரு கங்காணி காலை ஒடைச்சுட்டு வந்து நிக்கிற. இனி மேல் மலை எல்லையத் தாண்டி எந்தப் பொம்பளையாவது கால் வச்சா பதிவுலேருந்து பேர வெட்டிருவேன். யாரு கூட்டிட்டுப் போனது?"

என் மதினி ஒரு பக்கம் அழுதுகொண்டு உன்னைச் சபித்தாள். நீ தலையைக் குனியவில்லை.

"நான்தாங்க போனேன். திரும்ப வேண்டிய நேரத்துல திரும்பினேன். எங்கூடத் திரும்பின ரெண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்ல. கேட்கிறதா இருந்தா திரும்பாதவங்களக் கேளுங்க."

உனக்கு முன்னால் கூட்டத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். என் பெயரை நீ சொல்லவில்லை, என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. முந்தின நாள் முழுக்க நீ என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். என் கால் தானாக முன்னால் வந்தது. "திரும்பாதவ நான்தாங்க. அவ போக வேணாம்னு சொன்னா, நான் கேக்கல. அண்ணனும் கேக்கல. கால் ஒடைஞ்சதுக்கு அவ மேல பழி போடாதீங்க" என்றேன். மதினி ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. கணக்கப்பிள்ளை நம் இரண்டு பேருக்கும் மூன்று நாள் வேலை நிறுத்தினார். அந்த மூன்று நாளும் நீ என்னைக் கூட்டிக்கொண்டு காட்டு விளிம்புக்கு விறகுக்குப் போனாய். எல்லையைத் தாண்டித்தான் போனாய்.

அடுத்த வருஷம் மறுபடி போனோம். இந்த முறை ஏழு பெண்கள், ஆண் துணை இல்லை. மாரியாயி முன்னால் நடந்தாள், ஒருத்தரும் அவளைத் தாண்டவில்லை. உச்சிப் பாறையில் வெயில் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. கீழே பள்ளத்தில் இடி உருண்டது. நீ வானத்தைப் பார்த்தாய், "திரும்புங்க" என்றாய். எல்லோரும் உடனே திரும்பினோம். காடு முடிகிற இடத்துக்கு வருவதற்குள் மேலே மின்னல் வெட்டியது. லயத்தில் ஆண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். "ரெண்டாவது வாட்டியும் தோத்துட்டு வர்றாங்கடோய்!" நீ சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டே அவர்களைப் பார்த்து, "போனது ஏழு பேரு, வந்தது ஏழு பேரு. எண்ணத் தெரிஞ்சா எண்ணிக்கங்க" என்றாய்.

மூன்றாவது முறைதான் உச்சி கிடைத்தது. சொல்லப் போனால், மேலே பெரிதாக ஒன்றுமில்லை. பாறை, புல், காற்று. கடல் தெரியும் என்று சொன்னார்கள், தெரியவில்லை. மாரியாயி மூச்சு வாங்கி முடித்து, இடுப்பில் கை வைத்துக் கீழே வெகுநேரம் பார்த்தாள். நம் லயம், பெரட்டுக் களம், கொழுந்து நிறுக்கிற மடுவம், தேயிலை ஸ்டோர், துரை பங்களா எல்லாம் ஒரு பச்சை மடிப்புக்குள் கிடந்தன. "அடியே, இம்புட்டுத்தானா நம்ம தோட்டம்?" என்றாள். நீ சிரித்தாய். நான் பார்த்ததிலேயே நீ வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். கணக்கப்பிள்ளை அதட்டும்போதெல்லாம் நாம் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான், பயம் பாதியாகிவிடும். அவர் யார் பெயரையும் வெட்டவில்லை.

பிறகு அரசாங்க ஒப்பந்தப்படி உன்னை இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் கடுதாசி வந்தது. கேட்டா அனுப்பினார்கள்? பிறந்த இடத்தைவிட்டுப் போ என்றார்கள், போனாய். பதுளை ஸ்டேஷனில் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் அண்ணன் நொண்டி நொண்டி வந்தது உனக்கும் ஆச்சரியம்தான். அந்த ஐந்து வருஷத்தில் அவர் உன்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்றார்.

"அன்னைக்கு நீ கூப்பிட்டது எனக்கும் கேட்டுச்சும்மா" என்றார்.

நாம் இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம். மயங்கிக் கிடந்தார் என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தோம்?

"மயக்கமெல்லாம் இல்ல. ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சு. உனக்குப் பதில் சொல்ல வெக்கமா இருந்துச்சு. செத்தாலும் பரவாயில்லன்னு வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

நீ ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி அவர் தோளைத் தொட்டாய். "கூப்பிட்டா ஒரு சத்தம் குடுங்க அண்ணே. அதுல என்ன இருக்கு?" என்றாய். ரயில் நகர்ந்தது. கண் மறைகிறவரை நீ அழவில்லை. நாங்கள் அழுதோம்.

அங்கே கோத்தகிரிப் பக்கத்திலும் உன்னை மலையில்தான் வைத்தார்கள் என்று எழுதினாய். பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஏறினாய் என்று உன் மகள் எழுதியிருக்கிறாள். கடைசி வருஷம்வரை ஏறினாயாம். சந்தோஷமாக இருந்தது.

உன்னைப் பனி கொன்றது என்று இனி யார் சொன்னாலும் இந்தக் கதை முழுவதையும் நிற்க வைத்துச் சொல்லப் போகிறேன். வருகிற மாசியில் பக்கத்து லயத்துப் பெண்கள் ஏறப் போகிறார்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த வயதில் எதற்கு என்று என் மகன் கேட்கிறான். போகப் போகிறேன். திரும்ப வேண்டி வந்தால் திரும்புவேன், அதற்கு யார் சிரித்தாலும் சரி.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். தைரியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதை நீயே கொண்டு போய்விட்டாய். ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுப்படியில் இருந்தாலும் சரி, கொழுந்துக் காட்டில் இருந்தாலும் சரி, யாராவது என் பெயரைக் கூப்பிட்டால் முதல் சத்தத்துக்கே "இங்க இருக்கேன்" என்று கத்திவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் திடுக்கிடுகிறார்கள். ஏன் இப்படி ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துகிறாய் என்று திட்டுகிறார்கள்.

திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.